குடியும் உளநோயும்: ஓர் ஆசிரியனின் அநுபவம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எழுதுவேனென அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யானும் திருக்குறளிலிருந்தே தொடங்குகின்றேன். ஆயின் அதனைப் பிழையாகக் கையாண்ட கதையையே கூறப் போகின்றேன்.

பதுளைக்கு அப்பால், நமுனுகுல மலைச்சாரலிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் சில ஆண்டுகள் கற்பித்தேன். அங்கே என் மாணவன் ஒருவன் காலைப் பாடத்திலேயே உறங்கிவிடுவான். காரணம் வினவியபோது, தந்தை இரவெல்லாம் லயத்து வாசலில் நின்று, அங்கில்லாத எவரையோ ஏசுவதாகச் சொன்னான். அத்தந்தை கவ்வாத்து வெட்டுவதிற் கைதேர்ந்தவர்; கசிப்புக்கு அடிமைப்பட்டவர் என்பதைத் தோட்டம் முழுவதும் அறியும். யான் அவரை அழைத்து, கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் பொருளுடன் எடுத்துரைத்தேன். தலைகுனிந்து கேட்டார். புறப்படுகையில், "மாஸ்டர், குடிச்சாத்தான் அந்தச் சத்தம் கொஞ்சம் அடங்குது" என்றார். குடிப்பவர் கூறும் சாக்கென்றே அதனைக் கொண்டேன்.

பின்னர் மனைவி அவரை வைத்தியத்துக்கு அழைத்துச் சென்றார். ஓரிடத்தில், குடியை நிறுத்திவிட்டு வருக என்றனர். மற்றோரிடத்தில், முதலில் மனநோய்க்கு மருந்து பெற்று வருக என்றனர். ஒவ்வொரு பயணத்திலும் பஸ் கட்டணத்துடன் ஒருநாட் கூலியும் போயிற்று. ஒருமுறை அவர் தாமாகவே குடியைத் திடீரென நிறுத்தி, வலிப்புக் கண்டு வீழ்ந்தார். நாட்பட்ட குடியை வைத்தியர் துணையின்றிச் சடுதியாக நிறுத்துதல் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை எங்களுள் எவரும் அறியோம். இதற்கிடையில் மகன் படிப்பை விட்டுக் கொழும்புக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

ஈற்றில் உளநலப் பயிற்சி பெற்ற இளம் வைத்தியர் ஒருவர், தமிழறிந்த தாதியின் துணையோடு இரண்டே கேள்விகள் கேட்டார்: சத்தம் முந்தியதா, குடி முந்தியதா? குடிக்காதிருந்த காலத்திலும் அது கேட்டதா? சத்தமே முந்தியது. அன்றுமுதல் இரு நோய்களுக்கும் ஓரிடத்திலேயே, ஒரே வைத்தியரிடத்திலேயே சிகிச்சை நடந்தது. இருமுறை அவர் மீண்டும் குடித்தார். இருமுறையும் அவரை விரட்டவில்லை. இன்று மலையில் வேலை செய்கின்றார். மகன் மட்டும் வகுப்புக்குத் திரும்பவில்லை.

உளநோயின் துயரை ஆற்றக் குடியை நாடுவோரும் உளர். குடியினால் உளம் நோவோரும் உளர். இவ்விரண்டையும் வெவ்வேறு நிலையங்களில், வெவ்வேறு பயிற்சி பெற்றோர் பார்த்து வந்தமையால், பல நாடுகளிலும் நோயாளர் இடைநடுவே கைவிடப்பட்டனர். உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டில், விசேட பயிற்சியற்ற வைத்தியருக்கும் தாதியருக்குமென வெளியிட்ட வழிகாட்டியில் உளநோய்களையும் மதுப் பழக்கத்தையும் ஒரே நூலில் வைத்தது. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு உளநலக் கொள்கையும், சேவையை அங்கொடையிற் குவித்து வையாது மாவட்டந்தோறும் பரப்ப முற்பட்டது. அச்சேவை லயத்து வாசல்வரை வந்தடைய, தோட்ட வைத்திய உதவியாளரும் மருத்துவமாதரும்கூட அவ்விரு கேள்விகளைத் தமிழிற் கேட்கவும், விடையைப் பொறுமையுடன் செவிமடுக்கவும் பயிற்றப்படல் வேண்டும்.

கள்ளுண்ணாமை திருக்குறளின் 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தறிதலே வைத்தியனின் முதற்பணி எனப் பிந்தியது பணிக்கின்றது. இன்னும் சில ஏடுகளைப் புரட்டியிருந்தால், அன்று அந்த மனிதரிடம் உபதேசத்துக்குப் பதிலாக ஒரு கேள்வியேனும் கேட்டிருப்பேன்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். அவர்கள் ஆண்டுக்கு ஒருநாளேனும் ஊவாத் தோட்டங்களுக்கு வந்து, அங்குள்ள சுகாதார ஊழியருக்கும் எம்போன்ற ஆசிரியருக்கும் இதனைக் கற்பிப்பாராக. முதல் வரிசையில் மாணவனாக அமர யான் ஆயத்தமாயிருக்கின்றேன்.