டங்... டங்... ஒரு சமையலறைக் குழாயின் கதை

விடியற்காலை நாலு மணிக்கு யாரோ இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். மதுரையில் ஒரு சந்துக்குள் இருக்கும் அந்த மாடி வீட்டில் மூன்று மாதமாக இதே கதைதான். அடித்தது ஆள் இல்லை, குழாய்!

கீழ் போர்ஷனில் குடியிருக்கும் அக்காவுக்கு இட்லி வியாபாரம். கடை எல்லாம் கிடையாது, வாசலில் ஒரு பெஞ்சு, ரெண்டு சட்டி, ஒரு அண்டா. நாலு மணிக்குச் சமையலறைக் குழாயைத் திறந்தால்தான் ஆறு மணிக்கு முதல் ஈடு இறங்கும். திறந்தால் "உர்ர்ர்ர்..." என்று உறுமல். சுவரோடு ஏறும் ஜிஐ பைப் நடுங்கும், அலமாரியில் இருக்கும் டம்ளர்களும் கூடச் சேர்ந்து பாடும். மூடினால் "டங்!"

மேலே ஹவுஸ் ஓனரின் அம்மா. எண்பது தாண்டியவர், படுத்த படுக்கை. ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு விடியற்காலையில்தான் கொஞ்சம் கண் அசருவார். சரியாக அந்த நேரத்தில் இந்த டங். ஓனர் மாமா ஒருநாள் கீழே இறங்கி வந்து சொல்லிவிட்டார்: "இந்தாம்மா, ஒண்ணு குழாயைச் சரி பண்ணு, இல்லைன்னா ஆறு மணிக்கு மேல தண்ணியைத் திற. சுவத்துக்குள்ள பைப் வெடிச்சா அட்வான்ஸ்லதான் கழிப்பேன்."

ஆறு மணிக்கு மேல் தண்ணீரைத் திறந்தால் இட்லியை யாருக்கு விற்பது? அட்வான்ஸ் ஐம்பதாயிரம் வேறு. அந்த வீட்டில் சேமிப்பு என்று இருப்பதே அதுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாடி பாத்ரூம் ஷவருக்காக மாமா பிரஷர் பம்ப் வைத்த பிறகுதான் இந்தச் சத்தமே ஆரம்பித்தது. அக்காவுக்கும் அது தெரியும். சொல்லவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட முடியுமா என்ன?

பிளம்பர் வந்தார். "காத்து அடைச்சிருக்கு அக்கா" என்றார். கேட் வால்வைப் பாதி மூடிவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் சத்தம் ரெண்டு இடத்தில் கேட்டது! கேட் வால்வ் என்பது முழுக்கத் திறக்க, முழுக்க மூட மட்டுமே செய்தது. பாதியில் நிறுத்தினால் உள்ளே தொங்கும் தகடு ஓடுகிற தண்ணீரில் படபடவென்று ஆடும். பாவம், வைத்தியம் பார்க்கப் போய் இன்னொரு நோய்.

பாலிடெக்னிக் படிக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தான். முதலில் கேட் வால்வை முழுக்கத் திறந்தான், அந்தச் சத்தம் போனது. பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தான். சமையலறைக் குழாயைத் தவிர எதுவும் உறுமவில்லை. அதுவும் பாதி திறப்பில்தான், முழுசாகத் திறந்தால் அடங்கிவிடுகிறது. பம்பை நிறுத்தி, கேட் வால்வை மூடி (மூடிய பிறகும் சொட்டியது, கீழே வாளி வைத்துக்கொண்டார்கள்) குழாயின் தலையை ஸ்பேனரால் கழற்றினான்.

"இங்க பாரும்மா, வாஷர் எப்படி ஆடுதுன்னு."

திருகு குழாயில் கைப்பிடித் தண்டுக்கு அடியில் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். அதன் நுனியில் ரப்பர் வாஷர், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு குட்டி நட்டு. நட்டு லூசாகி, வாஷர் தேய்ந்து போயிருந்தது. தொட்டித் தண்ணீரின் அழுத்தம் மட்டும் இருந்தவரை அது சும்மா கிடந்தது. பம்ப் தள்ளும் வேகத்தில் துடிக்க ஆரம்பித்துவிட்டது. அதுதான் உறுமல். குழாயை மூடும்போது, கடைசி நேரத்தில் தண்ணீரே அந்த லூஸ் வாஷரை இழுத்துப் பட்டென்று அடைத்துவிடுகிறது. அதுதான் டங்.

ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று ரஷ்யாவின் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898-ல் எழுதினார். கணக்கு எளிது. தண்ணீரின் அடர்த்தி, குழாய்க்குள் அழுத்த அலை ஓடும் வேகம், நின்றுபோன தண்ணீரின் வேகம், மூன்றையும் பெருக்க வேண்டும். இரும்புக் குழாயில் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 1200 மீட்டர். நொடிக்கு 1 மீட்டர் ஓடும் தண்ணீர் சட்டென்று நின்றால் சுமார் 12 பார் அழுத்தம் ஏறும். அதாவது 120 மீட்டர் உயரத்தில் தொட்டி வைத்த மாதிரி! மாடித் தொட்டி தருவதோ ஒரு பார் கூட இல்லை. ஆனால் முழு அடியும் விழ, 20 மீட்டர் குழாயில் நொடியின் முப்பதில் ஒரு பங்குக்குள் அடைக்க வேண்டும். கைக்கு அந்த வேகம் வராது. ஆடுகிற வாஷருக்குக் கிட்டத்தட்ட வரும். (இதே அடியை வைத்து மின்சாரமே இல்லாமல் தண்ணீரை மேலே ஏற்றும் இயந்திரத்தை 1796-ல் செய்தவர், பலூன் விட்ட மாண்ட்கோல்ஃபியர்.)

புது வாஷர் பத்து ரூபாய். நட்டை இறுக்கியாயிற்று. சுவரில் ரெண்டு கிளாம்ப் ஆணி பிடுங்கித் தொங்கிக்கொண்டிருந்தன. பழைய சைக்கிள் டியூபை வெட்டி பைப்பைச் சுற்றி வைத்து, புது ஆணியடித்து இறுக்கினான். பைப் ஆட இடமில்லை, சுவரில் மோதவும் இல்லை. மொத்தம் ஒன்றரை மணி நேரம். அதில் பாதி, துருப்பிடித்த தலையைக் கழற்றவே போய்விட்டது.

மறுநாள் ஆறரைக்கு மாமா படியிறங்கி வந்தார். பெஞ்சுக்கு அருகில் நின்று, "என்னம்மா, இன்னைக்கு இட்லி போடலையா? சத்தமே காணோமே" என்றார். அக்கா பதில் சொல்லாமல் அண்டா மூடியைத் திறந்து காட்டினார். மாமா அம்மாவுக்கென்று நாலு இட்லி வாங்கிக்கொண்டு போனார், காசு கொடுத்துதான்.

மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீரை அடைக்கும்போது மட்டும் இன்னும் ஒரு டங் கேட்கிறது. அது மாமா வாங்கிய மெஷின். அதனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.