ஓதம் வந்தது, ஒளி வரவில்லை

கொல்கத்தாவின் சியால்தா நிலையத்தில் கானிங் செல்லும் இரயிலில் ஏறுங்கள். அங்கிருந்து சாலை வழியே கோட்காலி படித்துறையை அடைந்து, படகில் ஆற்றைக் கடந்தால் கோசாபா தீவில் கால் வைப்பீர்கள். வங்கத்துச் சுந்தரவனத் தீவுகளுள் இதுவும் ஒன்று.

படித்துறையில் சற்றுப் பொறுத்து நில்லுங்கள். நீங்கள் இறங்கும்போது நீரில் மூழ்கியிருந்த படிகள், ஆறு மணி நேரம் சென்றபின் சேறு பூசி வெளியே தெரியும். நாளொன்றுக்கு இருமுறை கடல் இத்தீவுகளுக்குள் ஏறி வந்து இறங்கிச் செல்கிறது. மழை பொய்க்கலாம், காற்று ஓயலாம். ஓதம் மட்டும் தவணை தவறுவதில்லை. அடுத்த ஆண்டு இதே நாளில் அது எப்போது வரும் என்பதையும் இன்றே கணித்துவிடலாம்.

இந்நீரைக் கொண்டு விளக்கேற்றினால் என்ன? கோசாபாவை ஒட்டி ஓடும் துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட் ஓத மின்நிலையம் அமைக்கும் திட்டம் 2008ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஏறிவரும் நீரை மதகு வழியே உள்ளே விட்டுத் தேக்கி, வெளியே கடல் இறங்கியதும் திறந்துவிட்டு, அந்த வேகத்தில் சுழலியை ஓட்டுவதே ஓத மின்சாரத்தின் எளிய தத்துவம். பிரான்சு நாட்டின் ரான்சு ஆற்றில் 240 மெகாவாட் நிலையம் 1966 முதல் இவ்வாறே இயங்குகிறது.

ஆனால் துர்காதுவானியின் மதிப்பீடு ஏறிக்கொண்டே சென்று 238 கோடி ரூபாயைத் தொட்டது. ஒரு மெகாவாட்டுக்கு 63 கோடிக்கும் மேல்! திட்டம் கைவிடப்பட்டது.

காரணம் எளிது. நீர்மட்ட வேறுபாடு பாதியானால் கிடைக்கும் ஆற்றல் கால் பங்காகக் குறைந்துவிடும். ரான்சில் எழும் ஓதத்தின் உயரம் இங்கில்லை. சேற்று நிலத்தில் அணை எழுப்புவதும், உப்புநீரில் இரும்பைக் காப்பதும் பெருஞ்செலவு. வாங்குவோரோ சில கிராமத்து ஏழைகள்.

அதற்காக இத்தீவு இருளில் காத்துக் கிடக்கவில்லை. 1997லேயே மரக்கட்டையை எரிவாயுவாக்கி மின்சாரம் தரும் 500 கிலோவாட் நிலையம் கோசாபாவில் தொடங்கப்பட்டது. கூரைகளில் சூரியத் தகடுகள் ஏறின. பின்னர் மின்கம்பிகளும் ஆற்றைக் கடந்து வந்தன.

ஓதம் பயனற்றது என்று இதனால் முடிவு கட்டிவிடாதீர்கள். மின்வசதியற்ற கடலோர நாடுகள் யாவும் இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கடலிடம் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று கேட்பதற்கு முன், கரையில் வாழும் குடும்பம் எவ்வளவு விலை தர இயலும் என்று கேட்க வேண்டும். விலை குறையும் நாளில் ஓதம் அங்கேதான் இருக்கும். பாடம் படிக்கும் பிள்ளைக்கோ இன்றிரவே விளக்கு வேண்டும். அதை எந்த வழி விரைவில் தருகிறதோ, அதுவே முதலில் கொள்ளத்தக்க வழி.