உறையின்மேல் எழுதிய பெயர்

கடிதத்தின் முகவரியை எழுதுகிறவர் மேலிருந்து கீழாக எழுதுகிறார்; அஞ்சலகத்தில் அதைப் பிரிப்பவரோ கீழிருந்து மேலாகப் படிக்கிறார். 600004 என்ற எண்ணைக் கண்டதும் அது மயிலாப்பூருக்கு உரியது என்று அறிந்துகொள்கிறார். தெருவும் வீடும் பெயரும் பிறகுதான். மின்னஞ்சலும் இவ்விதமே தன் வழியைக் கண்டுகொள்கிறது.

அதன் முகவரியின் நடுவே, வட்டம் சூழ்ந்த 'ஏ' எழுத்தைப்போன்ற குறி ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் அதைத் தேர்ந்தெடுத்தார். குறிக்கு வலப்புறம் உள்ளது அஞ்சலகம். இடப்புறம் உள்ளது அங்கே பெட்டி வைத்திருப்பவரின் பெயர். நம் மடல் முதலில் நமக்குச் சேவை தரும் கணினிக்குச் செல்கிறது. அது வலப்புறப் பெயரைப் பதிவேட்டில் தேடி, பெறுநரின் கணினியைக் கண்டறிந்து ஒப்படைக்கிறது. பெறுநர் உறங்கினாலும் மடல் அங்கே காத்திருக்கும். அந்தக் கணினி பழுதுற்றிருந்தால், அனுப்பும் கணினி சில நாட்கள் வரை திரும்பத் திரும்ப முயன்று, இயலாதபோது நமக்கே செய்தி சொல்லும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. நீலநிற ஏரோகிராமுக்காக நாட்களை எண்ணிய பெற்றோர்க்கு, கடல் கடந்த பிள்ளைகள் மெல்ல அண்டைவீட்டார் ஆயினர்.

ஆனால் உறையின்மேல் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம், மின்னஞ்சலிலும் அப்படியே. பின்னாளில் சோதனைகள் சில சேர்க்கப்பட்டன. அவையும் மடல் எந்த அஞ்சலகத்திலிருந்து வந்தது என்பதைத்தான் சரிபார்க்கின்றன. எழுதியவரின் உள்ளத்தை அன்று.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாழ்கிறார். அயல்நாட்டில் பை களவுபோய்விட்டதாகவும் உடனே பணம் அனுப்பவேண்டும் என்றும் மகன் பெயரில் அவருக்கு ஒரு மடல் வந்தது. பெயர் சரியாக இருந்தது. குறிக்கு இருபுறமும் இருந்தவை வேறாக இருந்தன. "முகவரியே சரியாக இருந்திருந்தாலும் அவன் குரலைக் கேட்காமல் அனுப்பியிருக்கமாட்டேன்" என்றார் என்னிடம். மகனைத் தொலைபேசியில் அழைத்தார். அவன் தன் வீட்டில் நலமாக இருந்தான்.

அம்மையார் சொன்னதில் பெரிய பாடம் இருக்கிறது. முகவரி சரியாயிருந்தாலும், பிறர் கடவுச்சொல்லைத் திருடிய பெட்டியிலிருந்து பொய்மடல் வரக்கூடும். அவசரப்படுத்தும் மடலுக்கு அவசரப்படாமல் இருப்பதே முதற்காவல். மடலைச் சுமந்து செல்லும் பணியைக் கணினிகளிடம் விட்டுவிடலாம்; நம்மவரை அறிந்துகொள்ளும் பணி என்றும் நம்முடையதே.