உடையார், கிழவன், நக்கன்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நாயன்மார்களின் செப்புத் திருமேனிகளைச் செய்தளித்தவர்களுள் ஒருவர், அந்தக் கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்த அதிகாரி. கல்வெட்டு அவரைப் பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்கிறது. அவ்வளவு பெரிய அதிகாரியைக் 'கிழவன்' என்று கல்லில் வெட்டுவார்களா? இந்தக் கேள்விதான் என்னைப் பட்டப்பெயர்களின் பின்னால் இழுத்துச் சென்றது.

கிழமை என்றால் உரிமை. ஊருக்கோ நாட்டுக்கோ உரியவன் கிழவன். தொல்காப்பியத்தில் காதல் தலைவனும் கிழவன்தான், தலைவி கிழத்தி. கோவூர் கிழார், அரிசில் கிழார் என்ற சங்கப் புலவர்களும், பின்னாளில் சேக்கிழாரும் அந்த உரிமையைப் பெயரிலேயே வைத்திருந்தவர்கள். நிலமும் உரிமையும் கழன்றுபோய் இன்று அந்தச் சொல்லில் மூப்பு மட்டும்தான் நிற்கிறது.

ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை எடுத்து, அதில் வரும் பெயர்களை மட்டும் தனியே எழுதிப் பார்த்தேன். 'ஆன' என்ற சொல்தான் எல்லை. அதற்கு முன்னால் வருவது பிறந்த பெயர், பின்னால் வருவது பெற்ற பெயர். திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்த சேனாபதி கிருஷ்ணன் ராமன், மும்முடிச்சோழ பிரம்மராயன். தச்சர்களில் குஞ்சரமல்லன், ராஜராஜப் பெருந்தச்சன். இன்னொருவர் நித்தவினோதப் பெருந்தச்சன். நாவிதருக்கும் ராஜராஜப் பெருநாவிசன் என்று பட்டம் இருக்கிறது. மும்முடிச்சோழன், நித்தவினோதன் இரண்டும் ராஜராஜனுடைய விருதுப்பெயர்களே. பட்டம் வாங்கியவனைவிடக் கொடுத்தவனைத்தான் அது உரக்கச் சொல்கிறது. சேனாபதிக்கும் நாவிதருக்கும் அரசன் தன் பெயரைத் தடையில்லாமல் பகிர்ந்திருக்கிறான். ஆனால் பட்டத்தின் பின்பாதியைப் பகிரவில்லை. பிராமணருக்கு பிரம்மராயன், நிலமுடைய வேளாளருக்கு மூவேந்தவேளான், தொழில் செய்வோருக்கு அவரவர் தொழிலோடு ஒரு 'பெரு'. யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது அந்தப் பின்பாதியில் இருக்கிறது.

உடையார் என்ற சொல்லில் இன்னும் அதிக நேரம் நின்றேன். அரசன், உடையார் ஸ்ரீராஜராஜதேவர். கோயிலுக்குள் இருக்கும் இறைவன், உடையார் ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார். அரசனுக்கும் ஆண்டவனுக்கும் ஒரே அடைமொழி. இறைவனின் பெயருக்குள்ளும் அரசனின் பெயர் புகுந்திருக்கிறது. இதே சொல் கன்னடத்தில் ஒடெயராகி மைசூர் மன்னர்களின் பெயரில் அமர்ந்தது, தமிழ்நாட்டில் சாதிப்பெயராயிற்று. முதலி, பிள்ளை ஆகியவையும் ஒருகாலத்தில் பதவியையும் நெருக்கத்தையும் காட்டி, பிறகு பிறப்போடு ஒட்டிக்கொண்டவை. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விட்டுவிடச் சொன்னபோது, இப்படி இறுகிப்போன பெயர்களைத்தான் அது உடைக்கப் பார்த்தது. அவை உடைக்க வேண்டியவைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உடையாரில் உள்ள 'ஆர்' அதைவிடப் பழையது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உள்ள உயர்வுச் சொல்லே தவிர இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியம் ஒதுக்கிவைக்கிறது. வழக்கு அதைக் கேட்கவில்லை. குந்தவையைக் குறிக்கும் தொடரைப் பாருங்கள்: ராஜராஜதேவர் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார். தம்பி வழி, கணவன் வழி, தன் பெயர் வழி என ஒவ்வொரு நிலையிலும் ஓர் 'ஆர்'. வைணவ அடியார்களுக்கே உரியது என்று நாம் நினைக்கும் 'ஆழ்வார்' இங்கே ஓர் இளவரசிக்கு வந்திருக்கிறது.

இத்தனை அடுக்கும் அலுவலர் எழுத்தில்தான். கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் இட்ட ஆணையில் அவள் வெறும் 'அக்கன்'. அரசன் குரலை நேராகக் கேட்பதுபோல இருந்தது எனக்கு.

பிறகுதான் கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலுக்கு வந்தேன். 1014-ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டில் 400 பெண்கள். திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். எந்தச் சேரி, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதெல்லாம் குறித்திருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். நக்கன் சேரமங்கை, நக்கன் பட்டாலி, நக்கன் எடுத்தபாதம் என்று பட்டியல் நீளுகிறது. எவர் பெயரிலும் 'ஆர்' இல்லை, தந்தை பெயரோ கணவன் பெயரோ இல்லை. நக்கன் என்பது சிவனின் பெயர்களுள் ஒன்று. சேனாபதியின் பட்டத்தில் அரசன் நிற்கும் இடத்தில், இவர்கள் பெயரில் இறைவன் நிற்கிறான். அவர்களில் ஒருத்தி இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அவர் தகுதியற்றவரானால், தகுதியுள்ள வேறொருவரை அவரே தேர்ந்து அமர்த்த வேண்டும் என்று அதே கல்வெட்டு விதிக்கிறது.