மைதானமும் மயானமும்

ஃபுட்பால்னதும் ரொனால்டோ ஞாபகம் வந்தா, அவரைக் கொஞ்சம் ஓரமா உட்கார வைங்க பாஸ். இது அமெரிக்கன் ஃபுட்பால். முட்டை ஷேப் பந்தை இடுக்கிக்கிட்டு ஒருத்தர் ஓட, மேலே விழுந்து அமுக்க ஒரு கூட்டமே துரத்தும். கபடிக்குப் பந்து கொடுத்த மாதிரி!

ஸ்பாட், பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல். தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். இங்குள்ள ராணுவ முகாமில் 1951 முதல் அமெரிக்க ராணுவத்தின் போர்க் கல்லூரி இயங்குகிறது. உள்ளே 'இந்தியன் ஃபீல்டு' என்று ஒரு பழைய மைதானம். (இந்தியன்னா நாம இல்லை. கொலம்பஸ் பண்ணின குழப்பம்!)

1879-ல் இதே முகாமில் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி, பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். வந்து இறங்கியதும் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. ஹாஸ்டல் சேர்ந்த முதல் வாரமே நாம வீட்டுக்கு போன் போட்டு அழுதிருப்போம். இவர்களில் பலர் வருஷக்கணக்கில் வீட்டைப் பார்க்கவே இல்லை.

கார்லைல் காலேஜே இல்லை, தொழிற்பள்ளிதான். ஆனா மோதினது பெரிய காலேஜ்களோட. எதிரணி ஆட்கள் பெரும்பாலும் இவர்களைவிட ஆஜானுபாகு. அதனால் கோச் பாப் வார்னர் நம்பியது வேகத்தையும் தந்திரத்தையும். பந்தை முன்னால் வீசும் பாஸ் 1906-ல் அனுமதிக்கப்பட, அடுத்த வருஷமே அதில் புகுந்து விளையாடினார்கள்.

1912 சீசன்தான் செம! அந்தக் கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப் டீமில் இருந்தார். உள்ளூர் டிக்கின்சன் காலேஜுக்கு 34-0. வில்லனோவாவுக்கு 65-0. நவம்பர் 9-ல் வெஸ்ட் பாயின்ட் போனார்கள். அது ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் அகாடமி. வூண்டட் நீயில் நூற்றுக்கும் மேற்பட்ட லகோட்டா மக்களை ராணுவம் சுட்டுக் கொன்று அப்போது 22 வருஷம்தான் ஆகியிருந்தது. ஸ்கோர்? கார்லைல் 27, ராணுவம் 6. தோற்ற டீமில் ஆடியவர்களில் ஒருவர் பின்னாளில் ஜனாதிபதியான ஐசனோவர். அடுத்த வாரமே பென்சில்வேனியா யுனிவர்சிட்டியிடம் 34-26 என்று சறுக்கியது வேறு கதை. மொத்தம் 14 மேட்சில் 12 வெற்றி, ஒரு டிரா, ஒரே ஒரு தோல்வி.

1913-ல் தோர்ப்பின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. முன்பு காசு வாங்கி பேஸ்பால் ஆடினார் என்பது குற்றச்சாட்டு. அவர் 1953-ல் இறந்து, 1983-ல்தான் பதக்கங்கள் குடும்பத்திடம் வந்தன. 2022-ல்தான் அவர் மட்டுமே சாம்பியன் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டது. ரொம்ப சீக்கிரம்!

பள்ளி 1918-ல் மூடப்பட்டது. முகாமில் ஒரு மயானமும் இருக்கிறது. வரிசையாக வெள்ளைக் கற்கள், படிக்க வந்து திரும்பாத பிள்ளைகளுடையவை. சிலவற்றில் பெயரே இல்லை. 2017 முதல் குடும்பங்கள் கேட்கக் கேட்க, எலும்புகளைத் தோண்டியெடுத்து ராணுவம் அவரவர் மண்ணுக்கு அனுப்பி வருகிறது.

தோர்ப் பிறந்தது ஓக்லஹோமா. புதைக்கப்பட்டதோ பென்சில்வேனியாவின் மாக் சங்க்கில். அந்த ஊர் பெயரையே 'ஜிம் தோர்ப்' என்று மாற்றிக்கொண்டது. அப்பாவை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மகன்கள் கோர்ட் ஏறினார்கள். 2015-ல் சுப்ரீம் கோர்ட் அந்த மனுவை விசாரணைக்கே எடுக்கவில்லை.