பிரேக் இல்லா வண்டியும் பிடிமானம் இல்லாக் கழகமும்



தன் பணத்தையும் நேரத்தையும் கொடுத்து, இருபது முப்பது ஆண்டுகளாக ஓர் அமைப்பைத் தாங்கி நிற்கும் மனிதனுக்கு, அதன் நிர்வாகத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லும் உரிமை உண்டா, இல்லையா? இக்கேள்வியை இங்கிலாந்து நாட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கழகங்களை முன்வைத்து எழுப்ப விழைகிறேன். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன உறவு என்று நீங்கள் புன்னகைக்கக்கூடும். உறவு இருக்கிறது.

2012ஆம் ஆண்டு முதல் நான்காண்டுகள் இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில் மாலை நேர மதரஸா ஒன்றில் ஆசிரியனாக இருந்தேன். அண்டை வீட்டில் வாழ்ந்த முதியவர், கார்த் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னை நகருக்கு வெளியே பிராண்டன் என்னும் சிற்றூரில் இருந்த அரங்குக்கு அழைத்துச் சென்றார். பந்தயம் என்றவுடன் சூதாட்டம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் நான் அங்கே கண்டது மூன்று தலைமுறையினர் சேர்ந்து வந்திருந்த ஒரு குடும்பக் கூட்டத்தை. கோடைக் காலத்தில் அந்நாட்டில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். ஆகவே ஆட்டம் முடிந்து மஃரிபுக்கு வீடு திரும்ப முடிந்தது. அன்று தொடங்கிய ஈடுபாடு இன்றும் குறையவில்லை.

ஸ்பீடுவே எனப்படும் இவ்விளையாட்டின் அமைப்பு எளிது. ஏறத்தாழ 300 மீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டப் பாதையில் நான்கு வீரர்கள் நான்கு சுற்றுகள் ஓட வேண்டும். 500 சி.சி. வண்டி, எரிபொருள் மெத்தனால், கியர் ஒன்றே, பிரேக் கிடையாது. உதிரி மண் பரப்பிய பாதையின் வளைவுகளில் வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டே திரும்புவார்கள். ஓர் ஓட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலாமவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை. ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் பாட்டிமார்கள் பேனாவை எடுத்து, நிகழ்ச்சி நிரல் புத்தகத்தின் கட்டங்களில் புள்ளிகளைக் குறித்துக்கொள்வதைக் காண்பதே ஓர் இன்பம். மண் துகள் தேநீர்க் கோப்பையில் வந்து விழும். அதைப் பற்றி யாரும் முகம் சுளிப்பதில்லை.

பிரிட்டனில் 1928இல் வேரூன்றிய இவ்விளையாட்டு, அவ்வாண்டிலேயே பிராண்டனுக்கும் வந்துவிட்டது. கோவன்ட்ரி அணியின் சின்னம் தேனீ. 2005, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி நாட்டின் முதல் தர லீக்கில் வாகை சூடியது. அத்தகைய கழகம் 2016ஆம் ஆண்டு ஓட்டங்களோடு தன் அரங்கை இழந்தது. அவ்விடத்தில் வீடுகள் கட்டுவதற்கான விண்ணப்பத்தை ரக்பி நகர மன்றம் 2022இல் நிராகரித்தது. மேல்முறையீடும் பின்னர் தள்ளுபடியாயிற்று. அதற்குள் ஆளற்ற அரங்கு பாழடைந்து போயிற்று. வீடும் எழவில்லை, வண்டியும் ஓடவில்லை.

இது ஒரு நகரத்தின் கதை மட்டுமன்று. இலண்டன் விம்பிள்டனில் 2005ஆம் ஆண்டுடன் ஓட்டம் நின்றது. அரங்கும் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 2020இல் கால்பந்து அரங்கு ஒன்று திறக்கப்பட்டது. வுல்வர்ஹாம்ப்டன் கழகம், குத்தகை நீட்டிக்கப்படாமையால் 2023ஆம் ஆண்டுடன் மோன்மோர் கிரீன் அரங்கை விட்டு வெளியேறியது. பீட்டர்பரோ அணியும் அதே ஆண்டில் தன் இடத்தை இழந்தது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான காரணத்தைத் தேடிப் பார்த்தால், குறை விளையாட்டில் இல்லை, நடத்தும் முறையில் இருக்கிறது என்பது விளங்கும். பிரிட்டனில் ஸ்பீடுவே கழகம் என்பது பெரும்பாலும் புரமோட்டர் எனப்படும் தனி மனிதர் ஒருவரின் அல்லது இருவரின் சொந்த வணிகம். அவர் ஓடும் நிலமோ பல ஊர்களில் வேறொருவருக்கு உரியது. நாய்ப்பந்தயம் நடத்துவோரிடம் வாரத்துக்கு ஒரு மாலையை வாடகைக்குப் பெற்று ஓடிய கழகங்கள் பல. நிலத்தின் விலை ஏறும்போது வாடகைக்கு இருப்பவரின் நிலை என்னவாகும் என்பதை, சொந்த வீடில்லாத எவரும் அறிவர்.

புரமோட்டர்களை நான் பழிக்கவில்லை. அவர்களுள் பலர் கைப்பணத்தைப் போட்டு இழந்தவர்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் பெய்யும் ஒரு மழை, அவ்வாரத்து வருவாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். இருந்தும், ஒரு ரசிகன் என்ற முறையில் எனக்குச் சில மனக்குறைகள் உண்டு.

முதலாவது, கணக்கு. நட்டம் என்று மட்டும் சொல்லப்படுகிறது. எதில் நட்டம், எவ்வளவு நட்டம் என்பதை டிக்கெட் வாங்குபவர் அறிய வழியில்லை. ஆனால் பாதையைச் சீராக்குவது, வாயிலில் நிற்பது, விழுந்த வீரரைத் தூக்க ஓடுவது எனப் பல வேலைகளைச் சம்பளமின்றிச் செய்பவர்கள் இந்த ரசிகர்களே. காயமுற்ற வீரர்களுக்காக வாளி ஏந்தி நிதி திரட்டுபவர்களும் இவர்களே. எங்கள் ஊர் ஜமாஅத்தில் வரவு செலவை ஜும்ஆவுக்குப் பின் எழுந்து நின்று வாசிப்பார்கள். பத்து ரூபாய் கொடுத்தவரும் கேட்டுக்கொண்டிருப்பார். கொடுப்பவர் கேட்க உரிமையுடையவர் என்ற எளிய நியாயம் விளையாட்டுக்கும் பொருந்தும் அல்லவா?

இரண்டாவது, அணி அமைப்பு. ஒவ்வொரு வீரருக்கும் அவர் ஈட்டிய புள்ளிகளிலிருந்து ஒரு சராசரி கணக்கிடப்படும். அணியிலுள்ளோரின் சராசரிகளைக் கூட்டினால் வரும் தொகை, ஆண்டுத் தொடக்கத்தில் விதிக்கப்படும் எல்லையைத் தாண்டக் கூடாது. பணக்காரக் கழகம் எல்லா வல்லவர்களையும் வாரிக்கொள்ளாதிருக்க இவ்விதி வந்தது, நோக்கம் நல்லதே. விளைவோ விபரீதம். ஓர் இளைஞனைப் பயிற்றுவித்து முன்னேற்றினால் அவன் சராசரி உயரும். உயர்ந்தால் மறு ஆண்டு அவனையோ அவன் தோழனையோ வெளியே அனுப்ப வேண்டிவரும். வென்ற அணி கலைக்கப்படுவதும், வளர்த்த கையே தள்ளிவிடுவதும் வழக்கமாகிவிட்டால், ரசிகன் யாரைத் தன்னவன் என்பான்?

மூன்றாவது, இரவல் வீரர். நம் வீரர் காயமுற்றால், விதிக்கு உட்பட்டு வேறு கழகத்து வீரரை ஒரு நாளைக்கு அழைத்துக்கொள்ளலாம். சென்ற வாரம் நம்மைத் தோற்கடித்தவரே இன்று நெஞ்சில் தேனீச் சின்னம் தாங்கி வருவார்! அவரைக் குறை சொல்வதற்கில்லை. வண்டி, இயந்திரம், உதவியாளர் கூலி, பயணம் எல்லாம் வீரரின் சொந்தச் செலவு. ஈட்டும் புள்ளிக்கு ஏற்பவே அவருக்கு ஊதியம். ஆகவேதான் ஒரே வீரர் பிரிட்டன், போலந்து, சுவீடன் என ஒரே வாரத்தில் நாடு நாடாக அலைகிறார். அவர் வயிற்றுப்பாடு அது. ஆயினும், முன்வரிசையில் நின்ற ஒரு சிறுவன், “இவர் எங்கள் அணியா, அவர்கள் அணியா?” என்று தந்தையிடம் கேட்டதையும் அவர் விடை தேடித் தடுமாறியதையும் நான் கண்டேன்.

போலந்து நாட்டில் நிலை வேறு. அங்கே பல அரங்குகள் நகராட்சிக்குச் சொந்தமானவை. டோருன் நகரில் 2009இல் ஸ்பீடுவேக்கென்றே ஒரு நவீன அரங்கு எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு வருகின்றனர். அங்கும் கடனில் மூழ்கி உரிமம் இழந்த கழகங்கள் உண்டு. நிலம் பொதுவில் இருந்தமையால் ஒரு நிர்வாகம் வீழ்ந்தாலும் மற்றொன்று எழ வழி இருந்தது. இதுவே நாம் கவனிக்க வேண்டியது.

மான்செஸ்டர் நகர மன்றமும் இவ்வழியில் சென்று, 2016இல் தேசிய ஸ்பீடுவே அரங்கைத் திறந்தது. திறப்பு நாளிலேயே பாதை ஓடத் தகுதியற்றிருந்ததால் போட்டி கைவிடப்பட்டது. கட்டடம் மட்டும் போதாது, மண்ணைப் பேணத் தெரிந்த கையும் வேண்டும் என்பதற்கு இது சான்று. இருப்பினும் நிலம் நிலைத்தது. பெல் வியூ அணி இன்றும் அங்கே ஓடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அணியோ 2007இல் நின்று, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் 2022இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. அரங்கை இடிக்க விடாமல் காத்தமையால் அன்றோ திரும்பிவர ஓர் இடம் இருந்தது!

ஆகவே என் விருப்பங்கள் இவைதாம்: அரங்கு நகராட்சியிடமோ ஓர் அறக்கட்டளையிடமோ நிலையாக இருக்கட்டும். புரமோட்டர் அதில் ஓட்டம் நடத்தி இலாபம் ஈட்டட்டும். ஆண்டுக்கொரு முறை கணக்கை ரசிகர் முன் வைக்கட்டும். கழகமே வளர்த்தெடுத்த வீரருக்குச் சராசரிக் கணக்கில் சலுகை கிடைக்கட்டும். நிர்வாகக் குழுவில் ரசிகர் சார்பில் ஒருவராவது அமரட்டும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று.

இவை வீண் ஆசைகள் என்று அந்த அண்டை வீட்டு முதியவர் தொலைபேசியில் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு இப்போது எண்பதைக் கடந்துவிட்டது. தம் பழைய நிகழ்ச்சி நிரல் புத்தகங்களை ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் அவர் கையால் குறித்த புள்ளிகள். அரங்கை இழந்தபோது அவருக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை; செய்தித்தாளைப் பார்த்தே தெரிந்துகொண்டார். ஐம்பது ஆண்டுகள் தவறாது வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதே என் வாதம் முழுவதும். வாசகர்களே, நீங்களும் ஏதேனும் ஒரு சங்கத்தையோ பள்ளியையோ நூலகத்தையோ நிர்வகிப்பவராக இருக்கலாம். அங்கே பின்வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருப்பவரையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.