கொச்சியில் பார்த்த கயிறு

ஆனி பிறந்துவிட்டால் சுந்தரபாண்டியபுரத்தில் வாசற்கதவைத் திறந்துபோட முடியாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வரும் காற்று, தெருப்புழுதியை வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும். குற்றாலத்துக்குச் சாரல் கொடுப்பது அந்தக் காற்றுதான். சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுவதும், மண் அணைக்காத சூரியகாந்தியைச் சாய்த்துப் போடுவதும் அதுவேதான்.

அரபிக்கடலில் இருந்துதான் அது வருகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடலில் காற்றை நம்பி ஓடுகிறவர்களை நேரில் பார்த்தவர் குறைவு. அப்படிப் பார்த்தவர்களில், சாலையோரம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவரும் உண்டு. 2008 டிசம்பரில், அக்காள் மகனின் காய்கறி லாரியில் ஏறி அவர் கொச்சிக்குப் போனார். போனது வெண்டைக்காய்க்குப் பணம் வாங்க. பார்த்துவிட்டு வந்தது உலகம் சுற்றும் பாய்மரப் படகுப் பந்தயத்தை.

பாவூர்ச்சத்திரம் சந்தையில் சாயங்காலம் சரக்கேற்றினால் புளியரை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொல்லம், ஆலப்புழை என்று ராத்திரி முழுக்க ஓட்டம். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே அப்போது மீட்டர்கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 2010-ல் அதை நிறுத்தி, 2018-ல் அகலப்பாதையில் திரும்ப விட்டார்கள். இன்றைக்குப் போக நினைப்பவர் தென்காசியில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் எர்ணாகுளத்தில் இறங்கிவிடலாம். ஆனால் கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்க வேண்டுமானால் சாலைதான் நல்லது.

எர்ணாகுளத்தில் சரக்கை இறக்கும்போதே பேச்சு அதுதான். ஸ்பெயின் நாட்டு அலிகாந்தே நகரில் அக்டோபர் 11-ஆம் தேதி கிளம்பிய எட்டு படகுகள், ஆப்பிரிக்காவின் தென்கோடியில் கேப்டவுனைத் தொட்டு, அங்கிருந்து 4,450 கடல் மைல் ஓடி கொச்சிக்கு வந்திருந்தன. நம் கணக்கில் சுமார் 8,200 கிலோமீட்டர். முன்னால் வந்த படகுக்கு இரண்டு வாரம்தான் ஆனது. 1973-ல் தொடங்கிய இந்தப் பந்தயம் இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. மொத்த ஓட்டம் 37,000 கடல் மைல், கடைசியில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை. பரிசுக்கு ஓடுகிற இந்தப் படகுகளுக்குப் பாய்தான் எல்லாம். என்ஜின் இருந்தாலும் பந்தய ஓட்டத்துக்கு அதை உபயோகிக்கக் கூடாது.

காசு கைக்கு வரச் சாயங்காலம் ஆகும் என்று மண்டிக்காரர் சொல்லிவிட்டதால், மாமனும் மருமகனும் அரசுப் படகில் ஏறி வெலிங்டன் தீவுக்குப் போனார்கள்.

அந்தத் தீவைப் பற்றி விவசாயிகள் தெரிந்துகொள்ள ஒன்று உண்டு. அது இயற்கையாக அமைந்த தீவு இல்லை. 1920-ல் சென்னை கவர்னராக இருந்த வெலிங்டன் பிரபு, ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளரைக் கொச்சிக்கு அனுப்பினார். கடல்வாயில் அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி, காயலைத் தோண்டி ஆழமாக்கி, வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம்தான் வெலிங்டன் தீவு. குளத்தில் வண்டல் எடுத்து வயலில் அடிக்கிற அதே வேலை, அளவுதான் பெரிது. தோண்டிய இடம் கப்பலுக்கு, கொட்டிய இடம் கிட்டங்கிக்கும் ரயிலுக்கும் என்று ஆனது. மலைத் தோட்டங்களின் தேயிலை ஏலம் போவதும் இந்தத் தீவில்தான்.

காவல் கடுமையாக இருந்தது. நவம்பர் 26 இரவு மும்பையில் கடல் வழியே வந்து தாக்குதல் நடத்தியவர்களின் செய்தி அப்போது ஆறாத புண். அந்தத் தாக்குதல் நடந்தபோது இந்தப் படகுகள் இந்தியப் பெருங்கடலில் கொச்சியை நோக்கி வந்துகொண்டிருந்தன. பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். லாரி டிரைவரின் மடியில் இருந்த வெற்றிலைப் பொட்டலம்கூடத் தப்பவில்லை.

தூரத்தில் இருந்தே கொம்புகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் நூறடிக்கு மேல். படகின் நீளம் எழுபது அடி, எடை 14 டன் அளவு. அத்தனை உயரக் கொம்பில் அத்தனை பெரிய பாயைக் கட்டினால் காற்று குப்புறத் தள்ளாதா என்பதுதான் முதலில் எழும் கேள்வி. அதற்காகப் படகுக்கு அடியில், நீண்ட தண்டின் நுனியில், பல டன் கனத்தில் ஒரு குண்டு தொங்குகிறது. காற்று ஒரு பக்கம் சாய்த்தால், அந்தத் தண்டை எதிர்ப்பக்கம் திருப்பி எடையைச் சமன் செய்கிறார்கள். அக்டோபர் 29-ல் எரிக்சன் 4 என்ற படகு ஒரே நாளில், அதாவது 24 மணி நேரத்தில், 596.6 கடல் மைல் ஓடியிருந்தது. மணிக்குச் சராசரியாக 46 கிலோமீட்டர். ஆரியங்காவு ஏற்றத்தில் லோடு லாரி இதில் பாதிகூடப் போகாது.

“இம்புட்டுத் தூரமும் ஒரு சொட்டு டீசல் இல்லாமலா மாமா வந்துருக்கான்?”

“காத்துக்கு எவன் மாப்ளே பில்லு போடப் போறான்? அது வராத அன்னைக்குத்தான் கஷ்டம்.”

அவர் சொன்னது சரி. பூமத்திய ரேகையை ஒட்டி, காற்று செத்துக் கிடக்கும் ஒரு பட்டை உண்டு. எந்தப் படகுக்கும் அங்கே ஓட்டம் நின்றுபோகும். ஒரு கருமேகம் திரண்டால் அதன் விளிம்பில் கொஞ்சம் காற்று கிடைக்குமென்று அதைத் துரத்துவார்கள். கிணற்றில் தண்ணீர் வற்றிய வருஷம் மேற்கே மேகம் பார்க்கிறவனுக்கு அந்தக் கண் புரியும். படகில் இருப்பது பதினோரு பேர். முறை போட்டு நாலு மணி நேரம் வேலை, நாலு மணி நேரம் தூக்கம். சாப்பாடு, உலர்த்திய உணவில் வெந்நீர் ஊற்றியது. கடல்நீரைக் கருவியில் நன்னீராக்கிக் குடிக்கிறார்கள்.

ஆனால் படகைவிட அவரை நிறுத்தி வைத்தது வேறொன்று. கூட்டத்துக்கும் படகுகளுக்கும் நடுவே தடுப்பு. ஜனங்கள் நடக்க ஒரு பாதை, நின்று பார்க்க ஓர் இடம், போட்டோ எடுக்க ஓர் இடம். தடுப்புக்கு அந்தப்பக்கம் கரைப்பணியாளர்கள் கிழிந்த பாயை விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை கூட்டத்திலும் அவர்கள் தலைநிமிரவில்லை, வேலையும் நிற்கவில்லை. பார்க்க வந்தவனும் கோபப்படாமல் பார்த்துவிட்டுப் போனான்.

தடுப்புக்கு வெளியே கதை வேறு. கோட்டைக் கொச்சியில் சீன வலை இழுப்பவர்களிடமும் கொஞ்ச நேரம் நின்றார்கள். கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு எடை சமன் செய்யும் அந்த வலை, பழைய துலாக் கிணற்றின் அண்ணன் தம்பி. ஒரு வலைக்கு நாலைந்து ஆள் வேண்டும். “மீன் எப்படிச் சேட்டா?” என்று மருமகன் கேட்டதற்கு, மீனைவிட, கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்க ஆசைப்படும் வெளியூர்க்காரர் தரும் காசுதான் இந்த வாரம் அதிகம் என்று அவர் சிரித்தார். அடுத்த வாரம்? டிசம்பர் 13-ஆம் தேதி படகுகள் சிங்கப்பூரை நோக்கிக் கிளம்பின. அந்தப் பந்தயம் அதற்குப் பிறகு இந்தியாவில் எந்தத் துறைமுகத்துக்கும் வரவில்லை. விருந்தாளியை மட்டும் நம்பி முதல் போட்டவர்கள் என்ன ஆனார்களோ. வலைக்காரருக்குப் பாதகமில்லை. வலையும் தண்ணீரும் அவரிடமே இருந்தன.

திரும்பும் வழியில் ஆலப்புழையில் வண்டியை நிறுத்தி மாட்டுக்கென்று தேங்காய்நார்க் கயிறு வாங்கினார். கொச்சிப் பயணம் அதோடு முடிந்தது.

அது நினைவுக்கு வந்தது வருஷங்கள் கழித்துத்தான். ‘ரோஜா’ படத்திலேயே பெயர் அடிபட்ட ஊர் இது. ‘அந்நியன்’ பாட்டுக்காகச் சாயம் பூசிய பாறையும் பக்கத்தில் இருக்கிறது. அதோடு செல்போன் கேமராவும் சேர்ந்துகொள்ள, ஆடி மாதம் சூரியகாந்தி பூத்தால் கேரளத்துக் கார்கள் சாலையோரம் வரிசை கட்ட ஆரம்பித்தன. பூ பார்க்க வருகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் வயலுக்குள் இறங்கிவிடுகிறார்கள். முற்றிய பூ கிழக்கே பார்த்து நிற்கும் என்பதால் காலை வெயிலில்தான் படம் நன்றாக வரும். சூரியகாந்தியில் மகரந்தம் சேர்வதற்கும் காலை 9 முதல் 11 மணிதான் நல்ல நேரம். மணி பிடிக்க வேண்டுமானால் தேனீ வர வேண்டும். அது குறைந்த இடத்தில், பூக்கும் இரண்டு வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள் மெல்லிய துணியால் கொண்டையை நாமே தடவிக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் குடும்பம் குடும்பமாக உள்ளே நின்றால் தேனீயும் ஒதுங்கும், ஆளும் வேலை செய்ய முடியாது. ஒரு வருஷம் சாலையோரத்து ஏழெட்டு வரிசை மிதிபட்டு, கொண்டையில் பாதி பதராகப் போனது.

மறு வருஷம் அவர் ஒரு வரப்பை மூன்றடிக்கு அகலப்படுத்தினார். இரண்டு பக்கமும் குச்சி நட்டுக் கயிறு கட்டினார். வரப்பு முடிகிற இடத்தில் நாலு பேர் நிற்க மண்மேடு. தலைக்கு 20 ரூபாய். பதினோரு மணிக்கு மேல் வருகிறவர்களுக்குக் காசு கிடையாது. மேட்டுக்குப் பக்கத்தில் அவர் வீட்டம்மா இளநீரும், கழனியில் பறித்த சின்ன வெங்காயமும் வைத்தார். வெங்காயம்தான் முதலில் தீர்ந்தது.

பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வந்தார். “பூப் பாக்க வந்தவன்கிட்ட துட்டு வாங்குறது நம்ம ஊரு மரியாதையா அண்ணாச்சி?”

“உங்க வயல்ல மிதிச்சதுக்கு மரியாதை யாரு குடுத்தா தம்பி?”

வாய்ச்சண்டை அன்றோடு ஓயவில்லை. அந்தத் தம்பி இன்றும் காசு வாங்குவதில்லை, வேலியில் முள் போட்டிருக்கிறார். யார் செய்தது சரி என்பதில் ஊரே இரண்டாக நிற்கிறது. பூவுக்காகவே விதைக்கலாம் என்று கிளம்பியவர்களும் ஓரிருவர் உண்டு. இவர் அதற்கு ஒப்பவில்லை. 2024–25-ல் சூரியகாந்திக்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,280 ரூபாய். மயிலும் கிளியும் தின்றது போக என்ன நிற்கும் என்று கணக்குப் போட்டு, ஒரு ஏக்கர் மட்டும் விதைத்தார். மற்றதில் உளுந்து.

இந்த வருஷமும் முப்பதாம் நாள் மண் அணைத்தாகிவிட்டது. காற்று எப்படி அடித்தாலும் தட்டை நிற்கும். பழைய கயிறு வெயிலில் இற்றுப்போனதால், மருமகன் அடுத்த லோடுக்குப் போகும்போது ஆலப்புழையில் ஒரு சுருணை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.